நிழல் பட்டால் பரவாயில்லை

கிராஃபுக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம், அவனால் எதையும் வரையாமல் பேச முடியாது என்பதுதான். டீ எப்படி இருக்கிறது என்று கேட்டால்கூட சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவுவான். கையில் கிடைத்த ரசீதின் பின்பக்கம் இரண்டு கோடு இழுப்பான். படுத்த கோட்டில் சர்க்கரை என்று எழுதுவான், நின்ற கோட்டில் சந்தோஷம் என்று எழுதுவான், நடுவில் ஒரு மேட்டை வரைந்து இடது சரிவில் புள்ளி வைத்து, நாம் இப்போது இங்கே இருக்கிறோம் என்பான். இன்னும் அரை ஸ்பூன் சர்க்கரை வேண்டும் என்பதை இவ்வளவு சுற்றிவளைத்துச் சொன்ன ஆள் அந்தக் கம்பெனியில் அதற்கு முன் இருந்ததில்லை.

அவன் பிழைப்பே மேடு ஏறுவதுதான். வண்டியின் கூரையில் ஒட்டும் சோலார் தகடுகளுக்கும் வண்டியின் பேட்டரிக்கும் நடுவில் உட்காரும் போர்டை அவன் செய்துகொண்டிருந்தான். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய பச்சைப் பலகை. தகட்டிலிருந்து எத்தனை வோல்ட்டில் மின்சாரத்தை இழுக்கிறோம் என்பதைப் பொறுத்து வரும் வாட் மாறும். குறைத்து இழுத்தாலும் கொஞ்சம்தான் வரும், கூட்டி இழுத்தாலும் கொஞ்சம்தான் வரும், நடுவில் ஏதோ ஓரிடத்தில் கொட்டும். அந்த இடம் வெயிலோடும் சூட்டோடும் நகர்ந்துகொண்டே இருக்கும். கண்ணைக் கட்டிக்கொண்டு மலையேறுகிறவனைப்போல, போர்டு ஓரடி வைத்துப் பார்க்கும். உயர்ந்தால் அடுத்த அடி, தாழ்ந்தால் திரும்பி நடை.

இவ்வளவுதான் என்றால் யாரும் செய்துவிடலாம். கிராஃப் நாலு வருஷம் தொலைத்தது நிழலுக்காக. ஒரு தகட்டின் மூலையில் விளக்குக் கம்பத்தின் நிழல் விழுந்தால் ஒரு மேடு இரண்டாகிவிடும், பெரியது ஒன்று, குட்டி ஒன்று. சாதாரண போர்டு முதலில் தட்டுப்பட்ட குட்டி மேட்டில் ஏறி, சுற்றிலும் இறக்கமாக இருப்பதைப் பார்த்து, உலகத்தின் உச்சிக்கே வந்துவிட்டதாக நினைத்து அங்கேயே உட்கார்ந்துவிடும். கம்பெனியின் மேல்மாடியில் பலருக்கும் இந்தக் குணம் உண்டு என்பான் கிராஃப். அவனுடைய போர்டு அப்படி உட்காராது. கண்ணிமைக்கும் நேரத்தில் எல்லா மேடுகளையும் ஓடிப் பார்த்துவிட்டு, எது உசத்தியோ அதில் போய் நிற்கும். கம்பம், பாலம், பக்கத்து லாரி என்று ஓடுகிற வண்டியின்மேல் நிமிஷத்துக்கு நாற்பது நிழல் விழுந்தாலும் நாற்பது தடவையும் சலிக்காமல் ஓடும்.

இந்தத் துறையில் மேஜைகள் மூன்று, ஆட்கள் இரண்டு. கிராஃபைத் தவிர இருந்தது சாலிடரம்மா. மூக்குக்கண்ணாடிக்கு மேல் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, எறும்பின் கால் அளவுக்கு இருக்கும் உறுப்புகளைப் பலகையில் பற்றவைக்கிற அம்மாள். மூன்றாவது மேஜைக்காரர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். அவருடைய காபிக் கோப்பை மட்டும் ராஜினாமா செய்யாமல் இருந்தது.

இவர்களுக்கு மேலே ஸ்லைடு. அவரிடம் எதைச் சொன்னாலும், அதை ஒரு ஸ்லைடில் போட முடியுமா என்று கேட்பார். கோடைத் தொடக்கத்தில் ஒருநாள் அவர் அறைக்கு வந்து, நின்றபடியே விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போனார். முப்பது நாள். நிஜமான வண்டி, நிஜமான சாலை. கூரைமேல் விழும் வெயிலை மட்டும் வைத்து வண்டி தினம் பதினாலு கிலோமீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். ஓடினால் போர்டு தயாரிப்புக்குப் போகும். ஓடாவிட்டால் துறையை மூடிவிட்டு அறையை சீட் கவர் பிரிவுக்குக் கொடுத்துவிடுவார்கள். மறுநாளே சீட் கவர் பிரிவிலிருந்து இரண்டு பேர் டேப்போடு வந்து சுவரை அளந்தார்கள். சாலிடரம்மா தலையை நிமிர்த்தாமல், ஜன்னல் பக்கம் ஈரம் கசியும், துணியை அங்கே வைக்காதீர்கள் என்று அறிவுரை சொன்னாள்.

நிஜமான வண்டி கிராஃபின் வீட்டு வாசலிலேயே நின்றது.

கிராஃப் அக்கா வீட்டின் மாடியறையில் இருந்தான். அக்கா புருஷன் பார்சல் வண்டி ஓட்டுகிறவர். சின்ன எலக்ட்ரிக் வண்டி, சொந்த வண்டி. காலையில் கிடங்கில் பார்சலை ஏற்றுவார், தெருத்தெருவாகக் கொடுப்பார், பன்னிரண்டு முதல் மூன்று வரை ஓய்வு, பிறகு இரண்டாவது லோடு. வீடு பூட்டியிருந்து திரும்பி வரும் பார்சல்கள் வண்டிக்குள்ளேயே கிடக்கும் என்பதால் ஓய்வு நேரத்திலும் வண்டியை விட்டு நகரக் கூடாது என்பது கிடங்கின் சட்டம்.

அத்தானிடம் ஒரு பழக்கம் உண்டு. யார் என்ன சொன்னாலும் அப்படியே எடுத்துக்கொள்வார். கிராஃப் படித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒருமுறை, அஞ்சு நிமிஷத்தில் வருகிறேன், நில்லுங்கள் என்று போனில் சொல்லிவிட்டு, நண்பர்களைப் பார்த்ததும் மறந்துபோனான். இரண்டு மணி நேரம் கழித்து அந்தப் பக்கம் வந்தால், மழையில் குடை பிடித்துக்கொண்டு அத்தான் அதே இடத்தில் நின்றிருந்தார். கோபமே இல்லை. "நீ நில்லுன்னு சொன்னே, நின்னேன்" என்றார். அந்த வாக்கியம் அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு நகைச்சுவை ஆயிற்று.

கூரையில் எட்டுத் தகடு ஒட்டி, ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால் போர்டைப் பொருத்திய அன்று சாயங்காலம், சாப்பிடும்போது அத்தான் கேட்டார். வண்டியை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாமா, நிழலில் நிறுத்தினால் ஏதாவது ஆகுமா என்று.

கிராஃபுக்கு இதைவிடச் சந்தோஷமான கேள்வியை யாரும் கேட்டதில்லை.

"நிழல் பட்டா பரவாயில்ல அத்தான். அதுக்குத்தானே நாலு வருஷம் உக்காந்தேன். என் போர்டு பாத்துக்கும்."

"காயப்போட்ட துணிய எடுத்து மடிக்கத் தெரியல, இவன் போர்டு வெயிலப் பாத்துக்குமாம்" என்றாள் அக்கா.

அத்தான் மட்டும் சிரிக்காமல் தலையாட்டினார். ஒரு தகவலைப் பெற்றுக்கொண்ட மனிதரின் தலையாட்டல்.

முதல் நாள் ஐந்து கிலோமீட்டர் வந்தது. இரண்டாம் நாள் ஐந்தரை. மூன்றாம் நாள் நாலே முக்கால். வண்டியிலிருந்து நொடிக்கு நொடி கணக்குகள் அலுவலகத் திரைக்கு வந்தன. காலையில் கோடு அழகாக ஏறும். பன்னிரண்டு மணிக்கு, ஊரே காயும் நேரத்தில், தொப்பென்று தரைக்கு விழும். மூன்று மணிக்கு மறுபடி எழுந்திருக்கும். சூடு ஏறினால் ஏதோ உறுப்பு படுத்துக்கொள்கிறது என்று முடிவு கட்டினான் கிராஃப். சாலிடரம்மா பதினோரு உறுப்புகளைப் பிடுங்கிப் புதிதாக வைத்தாள். விழுந்தது. போர்டை அடுப்பு மாதிரி ஒரு பெட்டியில் வைத்து எண்பது டிகிரிக்குச் சூடாக்கிப் பார்த்தார்கள். பெட்டிக்குள் அது சமர்த்தாக வேலை செய்தது. வண்டியில் விழுந்தது. மூன்று வாரம் இப்படிப் போனது. அவன் கண்ணுக்குக் கீழே கருவளையம் வந்தது. சீட் கவர் பிரிவு மாதிரித் துணிகளைக் கொண்டுவந்து மூன்றாவது மேஜைமேல் அடுக்கியது.

நிழலாக இருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றவேயில்லை. நிழலைத்தான் தீர்த்துவைத்தாகிவிட்டதே.

இருபத்தோராம் நாள், வேறு வழியில்லாமல் வண்டியிலேயே ஏறிப் போனான். பன்னிரண்டு அடித்ததும் அத்தான் வண்டியை நிதானமாக ஒரு மேம்பாலத்துக்கு அடியில் கொண்டுபோய், நாற்பத்திரண்டு என்று எண் போட்ட தூணுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அங்கே ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு வண்டிகள் நின்றன. உலகத்தில் ஓட்டுநர் என்று பிறந்த யாரும் நண்பகலில் வெயிலில் வண்டியை நிறுத்துவதில்லை என்பதை, நாலு வருஷம் நிழலைப் படித்த கிராஃப் அன்றுதான் தெரிந்துகொண்டான். பழைய கார் சீட்டுகளைத் தூண்களுக்கு நடுவே போட்டு ஓட்டுநர்கள் சாய்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் எழுந்து வந்து, நிழலிலேயே சார்ஜ் ஆகிற அந்தப் பலகையைச் செய்த மச்சான் இவர்தானா, எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார். அத்தான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

கிராஃப் வண்டியின் பின்கதவில் படிந்திருந்த தூசியில் விரலால் வரைந்தான். கம்பத்து நிழல் விழுந்தால் இப்படி இரண்டு மேடு. அதில் பெரியதை போர்டு கண்டுபிடிக்கும். பாலத்துக்கு அடியில் நின்றால் இப்படி. தட்டையாக ஒரு கோடு இழுத்தான். ஏற மேடே இல்லை. இருக்கிற வெறுந்தரையில் எது உசத்தியான தூசி என்று போர்டு மூன்று வாரமாகத் தேடிக்கொண்டிருந்திருக்கிறது.

அத்தான் வெகு நேரம் அதைப் பார்த்தார்.

"நிழல்ல இத்தனை ரகமா மச்சான்? நீ நிழல் பரவாயில்லன்னு சொன்னே."

"சொன்னேன் அத்தான்."

"நீ சொன்னே, நிறுத்தினேன்."

தப்பு செய்த பையனைப்போல அவர் முகம் சுருங்கியதைக் கிராஃபால் பார்க்க முடியவில்லை. தன்மேல்தான் தவறு என்று மூன்று தடவை சொன்னான். மூன்று வாரத்தைத் தன் கையாலேயே பாழாக்கிவிட்டதாக அவர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்.

ஸ்லைடு இதைக் கேட்டுவிட்டுக் கோபப்படவில்லை. முப்பது நாள் சராசரியெல்லாம் யாரும் பார்க்கமாட்டார்கள் என்றார். ஒரு நல்ல வாரம் போதும், அதில் பதினாலைத் தொட்ட ஒரு நாள் இருந்தால் போதும், அந்த ஒரு நாளின் கோட்டைப் பெரிதாகப் போட்டு மேல்மாடிக்குக் காட்டிவிடலாம். மிச்சம் ஒன்பது நாள் இருந்தது.

கிடங்குக்குப் பின்னால் சிமென்ட் போட்ட பெரிய காலி இடம் ஒன்று இருந்தது. சுவர் இல்லை, மரம் இல்லை, கம்பம்கூட இல்லை. எந்த ஓட்டுநரும் அந்தப் பக்கம் போகாததற்கு அதுவே காரணம். இனி அங்கே நிற்பதாக அத்தான் சொன்னார். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. அவருக்கு பிரஷர் மாத்திரை ஓடுகிறது, வெயிலில் நின்றால் தலை சுற்றும் என்று தம்பியை மாடிப்படியில் மடக்கிச் சொன்னாள். வண்டியில் ஏசி இருக்கிறதே, போட்டுக்கொண்டு சீட்டில் சாய்ந்திருக்கப் போகிறார், பாலத்துக்கு அடியில் இருப்பதைவிட சொகுசு என்றான் அவன். படிக்கட்டுச் சுவரில் ஒரு கோடு வரையப் போனவனை, வெள்ளையடித்த சுவர் என்று சொல்லிக் கையைத் தட்டிவிட்டாள். ஆனால் சம்மதித்தாள்.

பன்னிரண்டே முக்கால் வந்தது. பிறகு பதின்மூன்று. பிறகு பதின்மூன்றரையைத் தொட்டுவிட்டுக் கொஞ்சம் இறங்கியது. நண்பகலில் விழுந்துகொண்டிருந்த கோடு இப்போது வயிறு முட்டச் சாப்பிட்டவனைப்போல உப்பி நின்றது. சாலிடரம்மா சீட் கவர் துணிகளை எடுத்துத் தரையில் வைத்தாள். வீட்டில் அத்தான் ஒவ்வொரு நாளும் கைகால் கழுவியதும் கேட்கிற முதல் கேள்வி, இன்னைக்கு எவ்வளவு மச்சான் என்பதுதான். சொன்னதும் ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்வார். பாழாக்கிய மூன்று வாரத்தைத் திருப்பி அடைக்கிறார் என்று கிராஃபுக்குத் தெரிந்தது. தெரிந்தும் அது அவனுக்கு வசதியாக இருந்தது.

காலி இடத்தில் ஐந்தாம் நாள் பதின்மூன்றே முக்கால். அன்று சாயங்காலம் அத்தான், மிச்சம் இருக்கிற அந்தக் கால் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கேட்டார். கிராஃப் மடிக்கணினியில் மூழ்கியிருந்தான். போர்டில் ஒரு டயோடு அநியாயத்துக்கு அரை வாட்டைச் சூடாக வீணடிப்பதை அப்போதுதான் கண்டுபிடித்திருந்தான். தலையைத் தூக்காமல் பதில் சொன்னான்.

"ஒவ்வொரு வாட்டும் முக்கியம் அத்தான். சின்னச் சின்னதா மிச்சம் பிடிச்சா வந்துரும்."

அத்தான் தலையாட்டினார்.

ஆறாம் நாள் வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. பன்னிரண்டு மணிக்கு வண்டி நின்றது. பன்னிரண்டரைக்கு எண்ணூறு வாட்டைத் தாண்டியது. கூரைத் தகட்டின் அடிப்பக்கம் எழுபத்தொரு டிகிரி என்று திரையின் மூலையில் காட்டியது. தகடு சூடானால் உச்சம் இடம் மாறும். போர்டு அதோடு கூடவே நகர்ந்து போவதைக் கிராஃப், முதல் நடை நடக்கும் குழந்தையைப் பார்க்கிறவனைப்போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்குக் கோட்டில் ஒரு சின்னப் பள்ளம் விழுந்தது. நாலு நொடி. மறுகணமே கோடு பழைய உயரத்துக்குத் திரும்பியது. அவன் சாலிடரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"அது என்னது, திடீர்னு?" என்றாள் அவள்.

"ஏதோ சின்ன லோடு. லைட்டு, ஹாரன், நம்ம போர்டோட லைன்லயே இருக்குல்ல, அந்த மாதிரி. அதெல்லாம் நம்ம போர்டு கண்டுக்காது, பாத்தீங்களா?"

அடுத்த சில நிமிஷத்தில் இன்னும் இரண்டு பள்ளம். போர்டு இரண்டையும் கண்டுகொள்ளவில்லை.

மூன்று மணிக்கு வண்டி இரண்டாவது லோடுக்குக் கிளம்பியிருக்க வேண்டும், கிளம்பவில்லை. மூன்று பத்துக்குக் கணக்கு பதினாலைத் தாண்டியது. கிராஃப் ஓடிப்போய் ஸ்லைடைக் கூட்டிவந்தான். ஸ்லைடு திரையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். வண்டி இன்னும் நகரவில்லை. தனக்காக லோடைத் தாமதப்படுத்தி அத்தான் நிற்கிறார் என்று கிராஃபுக்குப் புரிந்தது. சாயங்காலம் போய் அவர் காலில் விழுந்துவிட வேண்டும் என்று நினைத்தான். அதை ஒரு ஜோக்காகத்தான் நினைத்தான்.

மூன்று நாற்பத்தெட்டுக்கு மேற்குப் பக்கத்துத் தகடுகள் இரண்டின்மேல் நிழல் விழுந்தது. ஒரு மேடு இரண்டாயிற்று. போர்டு கண்ணிமைக்கும் நேரத்தில் ஓடிப் பார்த்துப் பெரிய மேட்டில் போய் நின்றது. நாலு வருஷத்தில் அவ்வளவு சுத்தமாக அது செய்து அவர்கள் பார்த்ததில்லை. காலி இடத்தில் நிழல் எங்கிருந்து வரும் என்று ஸ்லைடு கேட்டார். பக்கத்தில் ஏதோ உயரமான வண்டி வந்து நிற்கிறது போல என்றாள் சாலிடரம்மா. ஒன்பது நிமிஷம் கழித்து நிழல் விலகியது. மூவரும் கை தட்டினார்கள். உண்மையாகவே தட்டினார்கள்.

அது ஆம்புலன்ஸ்.

கிடங்கிலிருந்து போன் அடித்து அடித்து எடுக்காததால் ஆள் அனுப்பியிருக்கிறார்கள். அத்தான் சீட்டில் சாய்ந்து கிடந்திருக்கிறார். கண்ணாடி இரண்டு விரல்கடை இறக்கியிருந்தது. தண்ணீர் பாட்டிலில் பாதித் தண்ணீர் இருந்தது, தொட்டால் கை சுடுகிற தண்ணீர். எல்லாம் முடிந்து இரண்டு மூன்று மணி நேரம் ஆகிவிட்டது என்றார் டாக்டர். வெயிலும், மாத்திரையும், மூடிய வண்டியும் சேர்ந்து செய்த வேலை என்றார். தூக்கத்திலேயே போயிருக்கலாம் என்றும் சொன்னார். டாக்டர்கள் அப்படிச் சொல்வது வழக்கம்.

பத்து நாள் கழித்து கிராஃப் அலுவலகத்துக்குப் போனான். அறை அவர்களுடையதாகவே இருந்தது. ஸ்லைடு இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு துக்கம் விசாரித்தார், மனப்பூர்வமாகவே விசாரித்தார். பிறகு, தயங்கித் தயங்கி, மேல்மாடி ஒப்புதல் கொடுத்துவிட்டது என்றார். ஆறாம் நாளின் கோட்டைத் திரை முழுக்கப் போட்டிருந்தாராம். பதினாலு புள்ளி ஆறு. அதன்கீழ் உண்மையான சாலையில், உண்மையான ஓட்டுநரோடு என்று ஒரு வரி. அந்த ஓட்டுநர் யார் என்று மேல்மாடியில் யாரும் கேட்கவில்லை, அதனால் அவரும் சொல்லவில்லை. மூன்றாவது மேஜைக்குப் புதிதாக ஆள் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

சாலிடரம்மா அன்றைக்குக் கை தட்டிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மத்தியானம், தனக்கு வீட்டில் வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பிப் போனாள். அவளுக்கு அந்த நேரத்தில் வீட்டில் ஒரு வேலையும் கிடையாது என்பது இருவருக்கும் தெரியும்.

தனியாக இருந்தபோது கிராஃப் ஆறாம் நாளின் பதிவைத் திறந்தான். திரையில் அன்று பார்த்தது ஒரே ஒரு கோடு. பதிவில் முப்பத்திரண்டு பத்திகள் உண்டு. அவன் இதுவரை எட்டிக்கூடப் பார்க்காத பத்திகள். பதினேழாவது பத்தி ஏசி. பதினொன்று ஐம்பத்தெட்டு வரைக்கும் அதில் எண்கள் இருந்தன. அதற்குப் பிறகு கடைசி வரைக்கும் பூஜ்யம். ஏசி ஓடுவது பெரிய பேட்டரியில். அவன் கணக்கு எடுத்தது கூரையிலிருந்து இறங்கும் மின்சாரத்தை மட்டும். மூன்று மணி நேரம் ஏசியைப் போட்டிருந்தாலும் பதினாலு புள்ளி ஆறில் ஒரு புள்ளிகூடக் குறைந்திருக்காது. இதைச் சொல்ல ஒரு கோடுகூட வரைந்திருக்க வேண்டாம். ஒரு வாக்கியம் போதும்.

இருபத்திரண்டாவது பத்தி ஹாரன்.

பன்னிரண்டு ஐம்பத்திரண்டு, நாலு நொடி. பன்னிரண்டு ஐம்பத்து மூன்று, இரண்டு நொடி. பன்னிரண்டு ஐம்பத்தேழு, ஒன்பது நொடி. அதற்குமேல் அந்தப் பத்தியில் எதுவும் இல்லை. காலி இடத்துக்கும் மேம்பாலத்துக்கும் இருநூறு அடிதான் தூரம். பாலத்தின்மேல் எந்நேரமும் ஹாரன் அடித்துக்கொண்டு வண்டிகள் போகும். கீழே சாய்ந்திருந்தவர்களில் யாருக்காவது கேட்டிருந்தாலும் அவர்கள் கண்டுகொண்டிருக்கமாட்டார்கள்.

அவன் பதிவை மூடினான். மறுபடி திறந்தான். ஒன்பது நொடியை எண்ணிப் பார்த்தான். ஒன்பது நொடி நீளமானது.

அன்று சாயங்காலம் வண்டிக்குள் இருந்த சாமான்களைக் கிடங்கில் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். சாப்பாட்டு டப்பா, பாட்டில், துண்டு, மூக்குக்கண்ணாடி, மாத்திரை அட்டை. டேஷ்போர்டில் ஒட்டியிருந்த துண்டுச் சீட்டையும் யாரோ கிழியாமல் பிரித்துப் போட்டிருந்தார்கள். 12.75, 13, 13.5, 13.3, 13.75. அதற்குக் கீழே ஆறு என்று எழுதி, பக்கத்தில் கோடு போட்டு, இடம் விட்டிருந்தார். சீட்டின் ஓரத்தில் அத்தானின் கையெழுத்தில், நெளிந்து நெளிந்து, ஒரு மேடு. அதன் உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு புள்ளி.

பையை அக்காவிடம் கொடுத்தான். சீட்டை மட்டும் கொடுக்கவில்லை.

அக்கா டப்பாவைத் திறந்து பார்த்தாள். கழுவி வைத்த மாதிரி காலியாக இருந்தது. சாப்பிட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார் என்றாள். அதில் அவளுக்கு ஏதோ நிம்மதி. பிறகு, பத்து நாளாக அவன் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டாள். திட்டுகிற குரலில் கேட்டிருந்தால் பரவாயில்லை.

"அன்னிக்கு நீ அங்க ஸ்க்ரீன்ல பாத்துட்டுத்தானடா இருந்த?"

"பாத்துட்டுத்தான் இருந்தேன்கா."

"அதுல எல்லாம் தெரியும்னு சொல்லுவியே. அவரு கூப்பிட்ட மாதிரி, எழுந்திருக்கப் பாத்த மாதிரி, ஏதாச்சும் தெரிஞ்சுதா?"

கிராஃபின் கை, பழக்கத்தில், சட்டைப்பைக்குப் போயிற்று. பேனா இருந்தது. பேனாவுக்குப் பின்னால் அந்தச் சீட்டு இருந்தது. அவன் எதையும் வெளியே எடுக்கவில்லை.

"இல்லக்கா. கோடு அப்படியே நேரா இருந்துச்சு. தூக்கத்துலதான் போயிருக்காரு."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

அக்கா அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள், அத்தான் ஆட்டுவாரே, அதே மாதிரி. டப்பாவைக் கழுவ எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது, தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, காலியான டப்பாவை அவள் வெகு நேரம் தேய்க்கிற சத்தம் கேட்டது.